சிரிப்பு யார் மேல்?

பிப்ரவரி 4

அன்புள்ள கத்திரிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கெட்டுப் போயிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி இருக்கிறாள்?

போனிலேயே பேசியிருக்கலாம். போன மூன்று தடவையும் நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் நாலு வரி படிப்பாய்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் ஒருவனுக்கு வியாதி வருகிறது. செத்தவர்கள் எழுந்து நடந்து மற்றவர்களைக் கடிக்கிறார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. கதாநாயகன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், எல்லாருக்கும் ஆயுள் பாலிசி விற்றவன். கதையைச் சொன்னபோதே தயாரிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு ஜாம்பி படம் என்று போஸ்டர்கூட அடித்துவிட்டார்.

எடிட்டருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, போய்விட்டார். அம்மா பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து நீ இந்த வேலையைத் தொடவில்லை என்று தெரியும். ஆனால் என் முதல் படத்தை எடிட் செய்து காப்பாற்றியது உன் கைதான், கத்திரி என்று நான் உனக்குப் பெயர் வைத்ததே அதனால்தானே. ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீ தூங்கு, முதலில்.

டிஸ்க் வந்து எட்டு நாளாகிறது. மதியம் அம்மா கண் அசரும் இரண்டு மணி நேரத்தில் பார்க்கிறேன். அம்மா தினமும் நடக்கிறாள். பிசியோதெரபிஸ்ட் தெருமுனை மருந்துக்கடை வரை போகச் சொல்லியிருக்கிறார். இடது கால் இன்னும் இழுக்கிறது, பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவைத்த பி.டி. டீச்சர் ஆயிற்றே. நேற்று பாதித் தெருவைத் தாண்டினாள். நான் கையைப் பிடிக்கப் போனால், "தள்ளிப் போடி, எனக்கு நடக்கத் தெரியும்" என்கிறாள்.

இனி படத்துக்கு வருகிறேன். மென்று முழுங்காமல் சொல்கிறேன், படம் தேறவில்லை. உன் ஜாம்பிகள் எல்லாரும் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள். ஒருத்தன் லிப்டுக்குள் ஆட்டம் போடுகிறான், ஒருத்தன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருகிறான். செத்தவனுக்குத் தான் வேடிக்கையாக இருப்பது தெரியவே கூடாது அண்ணா. அவனுக்குப் பசி மட்டும்தான் இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் பதினோரு பேர் கடிபடுகிறார்கள், அதில் ஒருத்தர்கூட யாரென்று எனக்குத் தெரியவில்லை. கடிபட்டவனைப் பார்த்து 'ஐயோ, இவனா' என்று வயிறு கலங்க வேண்டும். கலங்கினால்தான், மறுநாள் அவன் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது சிரிப்பு பீறிடும். இப்போது பயமும் இல்லை, துக்கமும் இல்லை. கிச்சுகிச்சு மூட்டுகிறாய், அவ்வளவுதான்.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் கை அரிக்கிறது.

தங்கை

&nbsp;

மார்ச் 2

அன்புள்ள கத்திரிக்கு,

நலமே. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் லிப்ட் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. தூக்கிவிடு.

ஆனால் படத்தில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டாதே. பதினான்காவது போல்டரை நீ இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கதாநாயகனின் அம்மா ஜாம்பியாகித் தாழ்வாரத்தில் நடந்து வருகிற இடம். அம்மாவாக நடித்தவர் நாடகக்காரர், இரண்டு வாரம் பயிற்சி எடுத்தார். அதை எடுக்கும்போது செட்டில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். பார்த்துவிட்டு எழுது. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா பாதித் தெரு தாண்டியது சந்தோஷம். டப்பிங் வேலை கழுத்தை நெரிக்கிறது. அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்

&nbsp;

மார்ச் 9

டைரக்டர் அவர்களுக்கு,

என் நலத்தை நீங்கள் விசாரிக்க வேண்டாம்.

பதினான்காவது போல்டரைப் பார்த்தேன். அந்த அம்மாள் இடது காலை இழுத்து, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிறார். இடது கை விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடித் தேடித் தவறுகின்றன. மூன்றடிக்கு ஒருமுறை நின்று, தாடையை நிமிர்த்திக்கொண்டு, மறுபடி நடக்கிறார். அது என் அம்மாவின் தாடை.

போன செப்டம்பரில் வந்தாயே, இரண்டு நாள்! போனைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். "எதுக்குடா எடுக்கறே?" என்று அம்மா கேட்டாள். "ஞாபகத்துக்கும்மா" என்றாய். பிள்ளை பார்க்கிறான் என்று அவள் தலைவாரிக்கொண்டு வந்து கூடத்தில் நடந்து காட்டினாள். ஒரு தடவை போதாதென்று, "இன்னொரு தடவை, அந்தக் கதவுகிட்டேயிருந்து வாம்மா" என்றாய். நாலு தடவை நடந்தாள். மறுநாள் முழுக்கக் கால் வீங்கிக் கிடந்தாள். 'பிள்ளைக்கு எவ்வளவு பாசம்' என்று சமையலறையில் நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

பெற்றவளுக்கே நடிகைக்குச் சொல்வதுபோல் 'இன்னொரு டேக்' சொல்லியிருக்கிறாய். அந்தப் போல்டர் படத்தில் இருக்காது.

எடிட்டர்

&nbsp;

மார்ச் 21

தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், எழுத்தில் வேகம் குறையவில்லை.

என்னைத் திருடன் மாதிரி நினைத்து எழுதியிருக்கிறாய். நான் எதை எடுப்பது? பார்க்காததையா? கண்ணால் பார்த்ததில் என்னை உலுக்கியது அது ஒன்றுதான். நீ அதோடு தினமும் இருக்கிறாய், உனக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டால்தான் என்னால் அந்த அறையில் உட்கார முடிந்தது. இதையெல்லாம் உன்னிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது பார்.

இரண்டு நாள், இரண்டு நாள் என்று குத்திக்காட்டுகிறாய். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்பதால் அம்மா உனக்கு மட்டும் சொந்தமாகிவிட்டாளா?

ஒரே கேள்வி. மகளாக வேண்டாம், எடிட்டராகப் பதில் சொல். அந்தக் காட்சி வேலை செய்கிறதா, இல்லையா?

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 17

அண்ணாவுக்கு,

நலம்.

வேலை செய்கிறது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.

அந்தக் காட்சி இல்லாமல் முழுப் படத்தையும் வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். லிப்ட் ஆட்டம் இல்லை. கடிபடுகிறவர்களைப் பதினொன்றிலிருந்து நாலாகக் குறைத்து, நாலு பேரும் யாரென்று முன்னாலேயே தெரியவைத்திருக்கிறேன்.

தங்கை

&nbsp;

மே 6

அன்புள்ள கத்திரிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே?

இருபது பேரைக் கூப்பிட்டு உன் வெட்டைப் போட்டுக் காட்டினோம். முதல் பாதியில் நல்ல சிரிப்பு. பயமும் வந்தது, கடைசி வரிசையில் ஒரு பெண் கத்தியே விட்டாள். ஆனால் அம்மா இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் படம் பல்லுப் போன வாய் மாதிரி ஆகிவிட்டது. கதாநாயகனுக்கு இழக்க ஒன்றுமில்லை. அவன் ஓடினால் என்ன, கடிபட்டால் என்ன? ஒவ்வொருத்தராகப் போனை எடுத்தார்கள். இருட்டில் இருபது முகமும் நீலமாகத் தெரிந்தது.

தயாரிப்பாளர் கொதித்துப் போனார். பதினான்காவது போல்டரை வாங்கி டிரெய்லர் செய்கிறவர்களிடம் கொடுத்துவிட்டார். டிரெய்லர் வந்து நாலு நாளாகிறது. பார்க்காதவர்கள் இல்லை. அந்த நடைக்கு ஸ்பிரிங் மாதிரி 'டொய்ங் டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்திருக்கிறார்கள். நான் அப்போது அங்கே இல்லை. எல்லாரும் அதையே சுற்றுக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா கையில் போனைக் கொடுக்காதே.

அண்ணன்

&nbsp;

மே 19

டைரக்டருக்கு,

அம்மா நலமாக இல்லை.

எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நாங்கள் வழக்கம்போல் நடக்கப் போனோம். அன்றைக்கு மருந்துக்கடை வரை போய்விடுவது என்று அம்மா கங்கணம் கட்டியிருந்தாள். கடைக்குப் பத்தடி இருக்கும்போது பஸ் நிறுத்தத்தில் நின்ற ஆள் ஒருவன், நாற்பது வயசு இருக்கும், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது, பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்: "டேய், அங்க பாரு, அப்படியே அந்த டிரெய்லர் கிழவி!" சொன்னதோடு விட்டானா? போனில் அந்தச் சத்தத்தைப் போட்டான். அம்மா காலை வைக்க வைக்க, டொய்ங். டொய்ங். மூன்று பேர் சிரித்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன் அண்ணா. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விழுந்த நாளிலிருந்து என் கையை அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும், "என்ன அது? காட்டு" என்றாள். மாட்டேன் என்றேன். "காட்டுடி!" என்று மைதானத்துக் குரலில் கத்தினாள். காட்டினேன். மூன்று முறை பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "அவன் என்னை இன்னொரு தடவை நடக்கச் சொன்னது இதுக்குத்தானா?"

அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. நீ சொல்.

பதினோரு நாளாக அம்மா நாற்காலியைவிட்டு நகரவில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். இப்படியே உட்கார்ந்திருந்தால் அந்தக் கால் இறுகிவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். டிரெய்லரின் கடைசியில் யார் பெயர் பெரிதாக வருகிறது என்று நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

இதற்குக் கீழே கையெழுத்துப் போடக்கூட மனம் இல்லை.

&nbsp;

ஜூன் 3

தங்கைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏழு தாள் கிழித்தாயிற்று.

தயாரிப்பாளர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மேஜையில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டேன். "படமே உனக்கு அதனாலதான்யா ஓடப்போகுது, பைத்தியமா உனக்கு?" என்றார். டிரெய்லரை அவர் எடுத்தாலும் ஊரார் போனிலிருந்து எடுக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் படத்தின் கடைசி வெட்டு என் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறது. அதில் அவர் கைவைக்க முடியாது. ரிலீஸ் ஜூலை கடைசியில். நீ என்ன செய்தாலும் சரி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாலும் சரி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. அந்தச் சத்தத்தைச் சேர்த்தபோது நான் அங்கே இல்லை என்று எழுதினேன். இருந்தேன். அதைப் போட்டதும் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வாய் கசந்தது.

அம்மா எழுந்தாளா? ஒரு வரி எழுது. நான் நேரில் வரவேண்டும். இந்தச் சவுண்ட் மிக்ஸிங் மட்டும் முடியட்டும். அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன்.

அண்ணன்

&nbsp;

ஜூன் 20

அண்ணாவுக்கு,

அம்மா எழுந்தாளா என்று என்னிடம் கேட்காதே. பார்க்க வேண்டுமென்றால் கண் இருக்கிறது, ரயில் இருக்கிறது.

கோபத்தில் எல்லா போல்டரையும் மறுபடி புரட்டினேன். பதினேழாவதில் ஒன்று கிடைத்தது. கதாநாயகன் ஜாம்பியான அம்மாவை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். உள்ளே கால் இழுபடுகிறது. ஓடவேண்டியவன், கதவில் வாயை வைத்துப் பேசுகிறான்: "அம்மா, கோச்சுக்காதே. ஒரு முக்கியமான வேலை. இது மட்டும் முடியட்டும், அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடறேன்." செத்துப்போன அம்மாவிடம்! முதலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ரத்தம் தலைக்கேறியது. அந்த வசனத்தை எழுதும்போது அது யாருடையது என்று உனக்குத் தெரிந்ததா, இல்லையா? உன் கடிதங்கள் இங்கே மேஜையில்தான் கிடக்கின்றன. எடுத்துப் படிக்கட்டுமா?

அவன் பேசும்போது பாதி நேரம் நீ அவனை ஓரத்தில் தள்ளிவிட்டு, அறைக்குள் அம்மா நடப்பதைக் காட்டியிருந்தாய். நான் திருப்பிவிட்டேன். அம்மா உடம்பு இப்போது திரையில் இல்லவே இல்லை. கால் இழுபடும் சத்தம் மட்டும், செட்டில் பதிவானபடியே. திரை முழுக்க அவன் மூஞ்சி. சாக்குச் சொல்லும் மூஞ்சி. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி, வெட்டே இல்லை. வேர்க்கிறது, வாட்சைப் பார்க்கிறான், இன்னொரு சாக்கு தேடுகிறான். உள்ளே சத்தம் நிற்கிறது. அவன் "அம்மா?" என்கிறான். அப்புறம் ஓடுகிறான்.

ஆரம்பத்திலிருந்தே தப்பு இதுதான். செத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னாய். அவர்கள் என்ன பண்ணுவார்கள், பாவம். உயிரோடு இருந்துகொண்டு இப்படி இருக்கிறானே, அவன் மேல் விழ வேண்டிய சிரிப்பு அது.

இதில் ஒரு பிரேமைத் தொட்டாலும் என் பெயரை எடுத்துவிடு.

தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 2

அன்புள்ள கத்திரிக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை.

தொடவில்லை. ஒரு பிரேம்கூட. மிக்ஸிங்கில் தயாரிப்பாளர் ஸ்பிரிங் சத்தத்தைக் கொண்டுவந்து வைத்தார், அதை மட்டும் தூக்கிப் போட்டேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் பகல் காட்சிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். டிரெய்லரைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம், எப்போது அந்த நடை வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. கதவடி வசனம் வந்தது. முன் வரிசையில் ஒரு ஆள் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். வாட்சைப் பார்த்தபோது அரங்கமே கைதட்டியது. சத்தம் நின்று, அவன் "அம்மா?" என்றதும் சிரிப்பு அறுந்தது. அவ்வளவு பேர் இருந்த இடத்தில் ஏசி ஓடுவது கேட்டது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

படம் ஓடுகிறது. எல்லாரும் அந்த ஒன்றே முக்கால் நிமிஷத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 'என்னமா யோசிச்சிருக்கீங்க சார்' என்கிறார்கள். என் தங்கை யோசித்தாள் என்று சொல்கிறேன். மிச்சத்தைச் சொல்வதில்லை.

இப்போது வேலை ஒன்றும் இல்லை. சாக்கும் இல்லை. இரண்டு தடவை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிட்டேன். அம்மா என்ன சொல்கிறாள்?

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 16

மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் தங்கை எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பேசினால்தான் எனக்குக் குழறுகிறது, எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

படம் பார்த்தேன். நானாகத்தான் போக வேண்டும் என்றேன். தியேட்டருக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்தாள், அதை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். அத்தனை நாள் உட்கார்ந்தே இருந்ததில் கால் கட்டையாகிக் கிடந்தது. வாசலிலிருந்து சீட்டு வரை போகக் கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் யாரோ போனில் அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். நின்று திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அவன் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அப்புறம்தான் நடந்தேன்.

உன் கதாநாயகனுக்கு ஓடத் தெரியவில்லை. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எவனாவது ஓடுவானா? ஆனால் அந்த டை கட்டினவன் ஆபீசுக்குக் கிளம்பினபோது சிரித்தேன். கதவுகிட்டே நின்று அவன் புளுகினபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். உன் தங்கை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, சிரித்தேன். நீ எனக்குப் போனில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய், புள்ளி கமா மாறவில்லை.

ஆனால் ஒன்று தப்பு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் செத்தவள் இல்லை. அவளுக்கு எல்லாம் கேட்கிறது.

எனக்குக் கோபம் போகவில்லை. அம்மாதானே, ஆறிப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. ஆறவில்லை. நீ வந்தால் திட்டுவேன், குழறிக் குழறித் திட்டுவேன், முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்கத் தைரியம் இருந்தால் சனிக்கிழமை வண்டியில் ஏறு.

என் காலை ஊரே பார்த்தாயிற்று. போன செப்டம்பரில் வந்தபோதும் நீ போனைத்தான் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்ததும் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்.

அம்மா